பாகம் 47, இடது கை

பகலில் பல் செய்கிறேன்.
அல்சூரில், மாடியில், ஜன்னல் இல்லாத லேபில்
யாரோ ஒருவருடைய மேல்வரிசைக்கு
அவருடைய மஞ்சளே வர வேண்டும்,
ஏ-டூவா ஏ-த்ரீயா என்று
அட்டையோடு பிடித்துப் பார்த்துத் தீட்டுகிறேன்.
வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது.

இரவில் விமானம்.
நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.
மேசை என்பது இஸ்திரிப் பலகை.
அதன்மேல்
டாக்டர் தூக்கிப் போடச் சொன்ன ஆய்வுக்கம்பி,
பள்ளத்தில் புட்டி தள்ள.
மெழுகு செதுக்கும் கத்தி.
எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய சைடு கட்டர்:
ஒட்ட வெட்டாதே, ஒரு நூல் விட்டு வெட்டு,
மீதியை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.
மாத்திரை தீர்ந்த அட்டை, குழிக்கு ஒரு சொட்டுப் பெயின்ட்.
இறக்கை ஒட்டும்வரை கடித்துக்கொண்டிருக்கத்
துணி கிளிப்புகள்.
மூன்று சைபர் பிரஷ். அதை
நாக்கில் வைத்துக் கூராக்கக் கூடாது என்று தெரியும்.
வைக்கிறேன்.

ஜூலைத் தூறலில் பிரைமர் அடித்தால்
பூஞ்சை பிடித்த மாதிரி வெளுத்துவிடும்.
மழை விட்ட நாள் பார்த்து
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
அட்டைப்பெட்டிக்குள் ஸ்ப்ரே அடிப்பேன்.
ரேவண்ணா மூக்கைப் பிடித்தபடி ஏறி வருவார்:
"ஏனம்மா, காடி பெயின்ட்டா?"
விமானம் என்றால் வாடகையை ஏற்றுவார்.
ஆமாம் என்பேன்.

செவ்வாய் இரவு
இடுக்கியிலிருந்து தெறித்தது விமானியின் இடது கை.
சீரகம் அளவு.
'டிக்' என்று கேட்டது.
எங்கே என்று கேட்கவில்லை.

தேட ஒரு முறை உண்டு.
விளக்கை அணை.
போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வை.
நீயும் படு.
அப்போது அறை முழுக்க நிழல் முளைக்கும்.
ஒரு கடுகுக்குக் கட்டில்கால் நீளம் நிழல்.
நகத்துண்டு அரிவாளாகக் கிடந்தது.
அலமாரிக் காலுக்கும் சுவருக்கும் நடுவில்
ஒன்று மின்னியது.

கை இல்லை.
திருகாணி.

பிரிஸில்லாவுடையது.
தங்கவயல்காரிக்கு ஒரு திருகாணித் தங்கமா பெரிது என்று
நான் சிரித்திருக்கக் கூடாது.
"நீதானே பெருக்கின" என்றாள்.
"உன் தோடு, உன் காது" என்றேன்.
அதற்கப்புறம் தனித்தனியாகப் பால் வாங்கினோம்,
ஒரே ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட்,
முனை வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று.
மார்ச்சில் ஆட்டோ மேல் மெத்தையைக் கட்டிக்கொண்டு போனாள்.
பானஸ்வாடி என்று கேள்வி.

திருகாணியை மாத்திரை அட்டையின்
காலிக் குழி ஒன்றில் போட்டேன்.
அதுவும் ஒரு பாகம் போலத்தான் இருந்தது,
எண் மட்டும் இல்லை.

கை கிடைக்கவே இல்லை.
புதனன்று லேபில் மீந்த அக்ரிலிக்கில்
ஒன்று செதுக்கினேன்.
ஐந்து விரல் பிரிக்க வரவில்லை, நான்கு.
கொஞ்சம் பெரிதும்கூட.
கடைவாய்ப்பல் பழகியவள் செய்தால் அப்படித்தான்.
பழுப்பில் ஒரு பொட்டு செம்மண் கலந்து தோல்.
கையுறை தீட்டி மறைத்திருக்கலாம்.
மறைக்கவில்லை.

கண்ணாடி மூடிக்கு சூப்பர் க்ளூ ஆகாது.
ஆவி படிந்து, உள்ளே இருப்பவன்
இறங்க முடியாத மூடுபனியில் மாட்டிக்கொள்வான்.
ஃபெவிகால் போதும்.
பல்குத்தி முனையில் தொட்டு விளிம்பெல்லாம் வைத்தேன்.
பூசும்போது பால்போல,
காய்ந்தால் இருந்த இடம் தெரியாது என்கிறது டப்பா.

ஒன்றே முக்காலுக்கு
திருகாணியை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன்,
அளவு தெரியட்டுமென்று. பழக்கம்.
'அலமாரிக்கு அடியில்' என்று எழுதினேன்.
அதற்கு மேல் வரவில்லை. அனுப்பினேன்.

ஒரு டிக்.

மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுக் குனிந்து பார்க்கிறேன்.
நான்கு விரல் கை
எதையோ பிடித்திருக்கிற மாதிரிதான் இருக்கிறது.
பசை இன்னும் காயவில்லை,
எந்த அட்டையிலும் இல்லாத வெள்ளை.